மூன்று உருண்டைச் சோறும் ஒரு பட்டன் பேட்டரியும்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதத்தில் நடந்தது இது. பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டினால் வரும் லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கிறது என் வீடு. முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு ரவிக்கை, சுடிதார், பிள்ளைகளுக்கு கவுன் என்று தைத்துக் கொடுக்கிறேன். என் கணவரும் நாத்தனார் கணவரும் ஒரே ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்கள். நாத்தனார் வீடு அடுத்த வீடு. நடுவில் ஒரு துணிக்கொடிதான் எல்லை. அவளுக்கு அப்போது இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் படித்தால் யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாராட்டு என்றால் கொள்ளை ஆசை. ஒருவருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தால், அவர் அதைப் போட்டுப் பார்த்து ஏதாவது நல்ல வார்த்தை சொல்லும் வரைக்கும் இடத்தை விட்டு நகர மாட்டேன். யாராவது குறை சொல்லிவிட்டால் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வராது, சொன்னவரையும் தூங்க விட மாட்டேன். நடந்ததற்கெல்லாம் இந்தக் குணம்தான் காரணம்.

அந்த வருடம் கோடையில் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. சென்னையில் இன்ஜினியரிங் படித்த ஒரு பெண் வந்து, துணியிலேயே விளக்கு எரிய வைக்கிற தையலைச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பட்டன் பேட்டரி, அரிசி அரிசியாக எல்இடி விளக்குகள், கரண்ட் பாய்கிற ஒரு தனி வகை நூல். அந்த நூலால் பேட்டரியையும் விளக்கையும் சேர்த்துத் தைத்தால் துணி மினுமினுக்கும். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆனால் அந்த நூலைத் தபாலில்தான் வரவழைக்க வேண்டுமாம், விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

நான் விடுவேனா? வீட்டில் கிடந்ததையெல்லாம் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். சரிகையில் கரண்ட் போகும் என்று நினைத்து என் கல்யாணப் புடவையின் ஓரத்தை உருவினால், அது வெறும் பிளாஸ்டிக். பட்டுப்புடவை என்று சொல்லி எடுத்துக் கொடுத்த மாமியார் வீட்டை அன்றைக்கு நான் திட்டிய திட்டு தனிக்கதை. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் பிரித்துத் தைத்தால் உடம்பில் குத்தியது. கடைசியில் கெட்டுப்போன செல்போன் சார்ஜரின் ஒயரை பிளேடால் கீறினேன். உள்ளே முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பிகள் இருந்தன. அவற்றைத் துணிமேல் படுக்க வைத்து, சாதா நூலால் மேலே சுற்றிச் சுற்றித் தைத்தால் அழகாகப் படிந்தன.

விளக்குகளைப் பழைய சீரியல் செட்டிலிருந்து கழற்றினேன். விளக்கின் இரண்டு கால்களையும் மூக்குக் குறடால் வளையமாக வளைத்து, மணி வைத்துத் தைப்பது போலத் தைத்தேன். பேட்டரி வைக்கிற குட்டிப் பைக்கு உள்பக்கம், பிரியாணிப் பொட்டலத்தில் வரும் அலுமினியத் தாள். ரவிக்கைக்குப் போடுகிற டிச் பட்டன்தான் ஸ்விட்ச். எங்கள் ஊர் உப்புக் காற்றில் செம்பு ஒரே வாரத்தில் பச்சை பிடித்துவிடும் என்பதால் கம்பி மேல் நெயில் பாலிஷ் பூசினேன். எல்லாம் முடிந்ததும் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். சூப்பர் அக்கா என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு வரியும் வந்தது. பேட்டரிப் பையைச் சுற்றிலும் தைத்து மூடிவிடுங்கள், குழந்தைகள் கைக்கு அது கிடைக்கவே கூடாது என்று எழுதியிருந்தாள்.

முதல் வரியைப் பத்துப் பேரிடம் காட்டினேன். இரண்டாவது வரியைப் படித்ததோடு சரி. பையைத் தைத்து மூடினால் பேட்டரி தீரும்போதெல்லாம் தையலைப் பிரிக்க வேண்டும். அம்மாக்கள் முணுமுணுப்பார்கள், என்னிடமே கொண்டுவந்து நீட்டுவார்கள். அதனால் பையின் வாய்க்கும் ஒரு டிச் பட்டன் வைத்தேன். ஒரு இழுப்பில் திறந்துகொள்ளும். இப்படிச் செய்ய அந்த இன்ஜினியர் பெண்ணுக்குக்கூடத் தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் கவுனை நாத்தனார் மகளுக்குத்தான் தைத்தேன். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, ஆடியில் கங்கை அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குள் பதினொரு கவுன் தைத்துவிட்டேன். சாயங்காலம் சாமி ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது, பதினொரு பெண் பிள்ளைகளும் வரிசையாக நின்று மினுங்கினார்கள். அம்மனைப் பார்க்க வந்தவர்கள் கவுனைப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் அது நடந்தது. ஆண்கள் விடியற்காலையிலேயே கடலுக்குப் போயிருந்தார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதிலிருந்து பத்து நாள் ஊரில் கவுச்சி கிடையாது. அதனால் அன்று எந்த வீட்டைப் பார்த்தாலும் மீன் குழம்பு கொதித்தது. நாத்தனார் ஏரியில் பிடித்த மடவை மீன் வாங்கிக் குழம்பு வைத்து என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பாப்பா காலையிலிருந்து அந்த கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்து, அதைப் போட்டுக்கொண்டே திரிந்தாள். குழம்பு பட்டால் கறையாகிவிடும் என்று சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் கழற்றிக் கட்டில் மேல் போட்டிருந்தாள் நாத்தனார்.

நான் வாசலில் கை கழுவும்போதே உள்ளே இருமல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், பாப்பா அவள் மடியில் கழுத்தை நீட்டி நீட்டிக் குமட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. முதல் வாய்ச் சோறு அப்படியே வெளியே வந்து தரையில் கிடந்தது.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் யோசிக்க மாட்டார்கள். சாப்பிடும்போது ஒரு பிள்ளை குமட்டினால் அது முள்தான். வெறும் சோற்றை உருண்டையாகப் பிடித்து மெல்லாமல் விழுங்க வைப்பார்கள். சோறு முள்ளை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கு என் அம்மா அப்படித்தான் செய்தார், என் பையனுக்கு நானும் அப்படித்தான் செய்தேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார். முள் சிக்கினால் தொண்டையை நீவி விடுவதில் அவருக்குக் கைராசி உண்டு.

வந்ததும் நாத்தனாரைத்தான் பிடித்தார். "முள்ளு பாக்காம ஊட்னியா? இன்னா அவ்ளோ அவசரம் உனுக்கு?"

"பாத்துதான்க்கா ஊட்னேன். ரெண்டு தபா நசுக்கிப் பாத்தேன்," என்றாள் நாத்தனார். சொல்லும்போதே அவள் கை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

முதல் உருண்டையை வாயில் வைத்து, தண்ணீர் ஊற்றி விழுங்க வைத்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி வழிந்தது. நான் தைத்த துணி சுருண்டு கிடப்பது எனக்குப் பிடிக்காது. அந்த அமளியிலும் என் கை தானாகக் கட்டில் மேல் இருந்த கவுனை எடுத்து மடிக்கப் போயிற்று. இடுப்போரம் பேட்டரிப் பையின் டிச் பட்டன் திறந்திருந்தது. உள்ளே விரலை விட்டேன். அலுமினியத் தாள் மட்டும் சரசரத்தது.

குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பாயைத் தூக்கிப் பார்த்தேன். நேற்று ஊர்வலத்தில் மணலில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று காலையில்கூட அந்த கவுனில் விளக்கு எரிந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். இதையெல்லாம் எழுத இவ்வளவு நேரம் ஆகிறது. அப்போது ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். வாயைத் திறந்தால் நான் தைத்த கவுனால்தான் இது என்று ஆகிவிடும். ஊரில் பதினொரு கவுன் இருக்கிறது. நேற்று என்னை மெச்சிய அத்தனை வாயும் இன்றைக்கு என்ன பேசும் என்றுதான் என் புத்தி போயிற்று. முள்ளாகவே இருக்கக் கூடாதா, இருந்துவிட்டுப் போகட்டுமே அம்மா என்று கங்கை அம்மனை வேண்டினேன். குழந்தைத் தொண்டையில் முள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண் நான். நாத்தனார் இரண்டாவது உருண்டையைக் கொடுத்தாள். நான் கவுனை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது உருண்டையையும் கொடுத்தாள். அதற்கும் நின்றேன்.

எதிர்வீட்டு அக்கா தொண்டையை நீவிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "முள்ளுன்னா புள்ள வாய்க்குள்ள கைய விடும். இது நெஞ்ச புடிக்குது பாரு. கீழ எங்கியோ மாட்டினுகீது. இன்னும் ரெண்டு உருண்டை பெருசா குடு, எறங்கிடும்," என்றார்.

நாத்தனார் நான்காவதைப் பெரிதாகப் பிடித்தாள். பாப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாள். மூடிய வாயின் ஓரத்திலிருந்து எச்சில் நூல் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. அவளால் சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. அந்த எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. நான் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"குடுக்காத. முள்ளு இல்ல. என் பேட்டரி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. கவுனைத் திருப்பி, காலிப் பையைக் காட்டினேன். உருண்டை அவள் கையிலிருந்து விழுந்தது. யாரும் கத்தவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும், ஐயோ, நானே இன்னும் பெருசா குடுன்னு சொன்னேனே என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு போன் போட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வாயில ஒண்ணுமே குடுக்காதீங்க அக்கா. வாந்தியும் எடுக்க வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி. அதே மாதிரி ஒரு பேட்டரிய கையில எடுத்துக்கோங்க," என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் இருந்த அவசரம்தான் என்னை இன்னும் பயமுறுத்தியது. ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்க மனம் கேட்கவில்லை. தெருமுனையில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் சுண்ணாம்புக்குளத்துக்காரர். விஷயத்தைக் கேட்டதும் பெட்டிகளையெல்லாம் இறக்கித் தெருவிலேயே வைத்துவிட்டு எங்களை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார்.

பாலத்தைத் தாண்டி பஜார் வழியாகப் பொன்னேரி ரோட்டில் வண்டி பறந்தது. "எங்க நைனாக்கு நெஞ்சு வலி வந்தப்போ கூட நான் இவ்ளோ ஸ்பீடா போனதில்லம்மா," என்றார் டிரைவர். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டாள். அழுதபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அவள் சத்தமில்லாமல் வாயைப் பாதி திறந்துகொண்டு எச்சில் ஒழுக என்னையே பார்த்ததுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் அடுத்த மூச்சு வருமா என்று எண்ணிக்கொண்டே வந்தேன். கவுனும் அவளுடைய குட்டிச் செருப்பும் என் மடியில் இருந்தன.

வழியில் நாத்தனார் கேட்டாள். "எப்போ அண்ணி பாத்தே?"

"இப்பத்தான்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். என்னை நம்பினாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுக் கூட்டின் மேல் பக்கம் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. அங்கிருந்த நர்ஸ், காசு முழுங்கிடுச்சா என்று கேட்டார். நான் கொண்டு போன பேட்டரியை டாக்டரம்மா கையில் வைத்தேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வட்டத்துக்குள் ஓரமாக ஓடிய இன்னொரு வட்டத்தைக் காட்டினார்.

"காசா இருந்தா கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம். இது பேட்டரி. ஈரத்துல ஒட்டிக்கிட்டு உள்ளேயே கரண்ட் விடும், சுத்தி இருக்கிற சதை வெந்துடும். ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது," என்றார்.

நான் பேட்டரியின் இரண்டு பக்கத்தையும் செம்புக் கம்பியால் எப்படி இணைத்தேனோ, அதே வேலையை இப்போது அந்தக் குழந்தையின் தொண்டை செய்துகொண்டிருக்கிறது. விளக்கு மட்டும்தான் இல்லை. என் கெட்டிக்காரத்தனம் எப்படிப்பட்டது என்று ஊரே மெச்சியபோது புரியாதது, ஒரு எக்ஸ்ரே படத்தில் நன்றாகப் புரிந்தது.

அங்கேயே ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து சென்னைக்கு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருந்ததால் வாசலிலேயே ஸ்ட்ரெச்சருடன் நின்றார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். எப்போது முழுங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, அதற்குப் பிறகு ஏதாவது கொடுத்தீர்களா. நாத்தனார், மத்தியானம் சோறு கொடுத்தோம், பேட்டரின்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டோம் என்று சொன்னாள். டாக்டர் எழுதப் போனார்.

வயிற்றில் சோறு இருந்தால் மயக்கத்தில் என்ன ஆகும் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"சார், ஒரு உருண்டை போனப்பவே நான் பாத்துட்டேன். பை காலியா இருந்துச்சி. சொல்லல. அதுக்கு அப்புறம் ரெண்டு உருண்டை குடுத்தாங்க. தண்ணியும் குடுத்தாங்க. மொத்தம் மூணு உருண்டை," என்றேன்.

டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, வேகமாக எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாத்தனார் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையை நீட்டி, என் மடியில் இருந்த குழந்தையின் செருப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கவுனை என்னிடமே விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

அந்தக் கதவு எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் உடம்பு தூக்கிப் போட்டது. குழந்தைக்கு ஏதாவது ஆனால் ஊருக்குத் திரும்பக் கூடாது, பாலத்திலிருந்து குதித்துவிட வேண்டியதுதான் என்றுகூட நினைத்தேன். என் பையன் முகம் நினைவுக்கு வந்து அந்த நினைப்பை விட்டேன். பொழுது சாய்ந்த பிறகு, கரைக்கு வந்ததும் விஷயம் தெரிந்து, என் கணவரும் நாத்தனார் கணவரும் மீன் வாடையோடு அப்படியே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்த கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

பேட்டரியை எடுத்துவிட்டார்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார்கள். பளபளவென்று இருந்த பேட்டரி ஒரு பக்கம் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. உணவுக்குழாய் வெந்திருக்கிறது, ஓட்டை விழவில்லை, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கொஞ்ச நாள் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் பால் கொடுக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து இல்லை என்றும் சொன்னார். நாத்தனார் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை. போக எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். வீட்டுக்குள் போகாமல் நேராக ஒவ்வொரு வீடாக ஏறி, நான் தைத்த கவுன்களை வாங்கி பேட்டரியை எடுத்தேன். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். சிலர், எங்க புள்ள அப்டியெல்லாம் வாயில வெக்காது என்று சிரித்தார்கள். அவர்களிடம் சண்டை போட்டுப் பிடுங்கினேன். ஒன்பது பேட்டரி கைக்கு வந்துவிட்டது. கடைசி வீட்டில் பை காலியாக இருந்தது.

"எங்கியாவது உழுந்துருக்கும், வுடு," என்றார் அந்தப் பிள்ளையின் அம்மா.

பெண் எங்கே என்று கேட்டேன். கடற்கரைப் பக்கம் விளையாடப் போயிருப்பதாகச் சொன்னார். ஓடினேன். வலை காயும் இடத்தில் நாலு வயதுப் பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. வாயைத் திற என்று தாடையைப் பிடித்தேன். அது பயந்து அழுதது. அழுகைக்கு நடுவில், மறைத்து வைத்திருந்த தெர்மாகோல் துண்டை எடுத்துக் காட்டியது. அது ஒரு படகாம். முன்பக்கம் என் பேட்டரியைச் செருகி, பிய்த்தெடுத்த விளக்கின் கால்களை அதன் இரண்டு பக்கமும் மாட்டியிருந்தது. வெயிலில் தெரியாத அளவுக்கு அந்த விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அதற்கு என்மேல் இன்றைக்கும் பயம்தான்.

மூன்று வாரம் கழித்து பாப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். குரல் கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது. துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் போக எனக்கு முகம் இல்லை. குழாயை எடுத்துவிட்டு, வாயால் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள், நாத்தனாரே கொடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"இட்லி மசிச்சி வெச்சிகினு ஒக்காந்துகிறேன் அண்ணி. கை போவ மாட்டேங்குது. என் கையாலதான உருட்டி உருட்டிக் குடுத்தேன்," என்றாள்.

"உன் கை இன்னா பண்ணுச்சி? என் வாய்தான் மூடினு இருந்துச்சி," என்றேன்.

அவள் அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. "வா, வந்து பக்கத்துல ஒக்காரு," என்றாள். போய் உட்கார்ந்தேன். அவள் ஒரு விரல் நுனியில் இட்லியை எடுத்து வைக்க, அது தொண்டையில் இறங்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. இறங்கியது. அப்படி ஒரு இட்லியை ஊட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று.

விளக்குத் தையலை நான் முழுக்க விட்டுவிடவில்லை. ஆனால் பிள்ளைகள் துணியில் ஒரு விளக்குகூடத் தைப்பதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை. விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்களின் லைஃப் ஜாக்கெட் பட்டைக்கு மட்டும் தைக்கிறேன். அதற்குப் பென்சில் பேட்டரிதான். அந்தப் பையின் வாயையும் இரட்டைத் தையல் போட்டு மூடிவிடுகிறேன். பேட்டரி மாற்ற என்னிடம் வரட்டும், முணுமுணுத்துக்கொண்டே வரட்டும். மிச்சமிருந்த பட்டன் பேட்டரிகளைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடியை டேப் சுற்றிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். திறக்காமலே எண்ணிப் பார்க்கலாம் என்றுதான் கண்ணாடிப் பாட்டில்.

பாப்பா இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், மெதுவாக. இரண்டு வீடும் சேர்ந்து சாப்பிடும்போது அவள் எப்போதாவது இருமுவாள். சாதாரண இருமல்தான். ஆனால் அந்த நொடி நாத்தனாரின் கண் முதலில் குழந்தையிடம் போவதில்லை, என்னிடம் வருகிறது. அந்தப் பார்வையில் கோபம் கிடையாது, ஒரே ஒரு கேள்வி மட்டும்தான். அன்றைக்கு இரண்டு உருண்டைச் சோறு இறங்கும் வரை சொல்லாமல் நின்ற நான், இன்றைக்கு என் வாயில் இருக்கும் சோற்றைக்கூட விழுங்காமல் பதில் சொல்லிவிடுகிறேன்: "காலைலயே எண்ணிட்டேன். எல்லாம் இருக்குது."